அச்சில் ஒரு தலைப்பு, இணையத்தில் வேறு தலைப்பு: எதை மேற்கோள் காட்டுவது?

ஆய்வுக் கட்டுரைக்காக நாளிதழில் குறித்துவைத்த செய்தியை அதே நாளிதழின் இணையதளத்தில் தேடினால் தலைப்பு மாறியிருக்கிறது, ஒரு பத்தியையும் காணவில்லை என்கிறீர்கள். நீங்கள் தவறாகக் குறிக்கவில்லை, கவலை வேண்டாம்.

அச்சுத் தலைப்பு பக்கத்தில் இருக்கும் இடத்துக்குள் அடங்க வேண்டும். இணையத் தலைப்பைத் தேடலில் அகப்படும்படி பெயர், ஊர் எல்லாம் சேர்த்து எழுதுவார்கள். நியூயார்க் டைம்ஸ் தன் இணையக் கட்டுரைகள் பலவற்றின் அடியில், அச்சில் எந்தத் தேதி, எந்தப் பக்கம், என்ன தலைப்பு என்றே குறிப்பிடுகிறது. எல்லா இதழ்களும் இப்படிச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

காணாமல் போன பத்திதான் முக்கியம். அச்சில் பிழை இருந்தால் பிறகு வரும் இதழில் திருத்தம் போடுவார்கள். பழைய தாள் அப்படியே இருக்கும். இணையத்தில் அந்தப் பக்கத்தையே மாற்றிவிடலாம், சில தளங்கள் அதைச் சொல்வதுகூட இல்லை. அதனால் அடுத்த சில நாள் இதழ்களில் திருத்தம் வந்ததா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், நீங்கள் படித்தது அச்சு என்றால் அச்சையே காட்டுங்கள்: தேதி, பதிப்பு, பக்க எண். ஒரே நாளில் ஊருக்கு ஊர் பதிப்பு மாறும், எனவே பதிப்பை விட்டுவிடாதீர்கள். தாள் கையில் இல்லையென்றால் மின்னிதழைப் பாருங்கள். அது பெரும்பாலும் அச்சுப் பக்கத்தின் நகல்தான். இணைய வடிவத்தையும் காட்டுவதானால் பார்த்த தேதியைச் சேர்த்து, இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் (Wayback Machine) தளத்தில் அந்தப் பக்கத்தை இன்றே சேமித்துவிடுங்கள். பழைய வடிவமே அங்கே கிடைத்தாலும் கிடைக்கும்.