ஒரே நாளில் எத்தனை நினைவிடம் பார்க்கலாம்? பாஞ்சாலங்குறிச்சி வட்டாரப் பயணத்துக்கு ஒரு யோசனை

கேள்வி: மதுரையில் இருக்கிறோம். மகன் எட்டாம் வகுப்பு, மகள் ஐந்தாம் வகுப்பு. கட்டபொம்மன், வ.உ.சி., பாரதி ஆகியோரைப் பற்றிப் பள்ளியில் படித்த இருவரும் அந்த ஊர்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். வருகிற ஆகஸ்ட் 15 அன்று வேன் பிடித்து, காலையில் கொடியேற்றம் பார்த்துவிட்டு, எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம், தூத்துக்குடி, கயத்தாறு, நெற்கட்டும்செவல், முடிந்தால் ஓர் அருங்காட்சியகம் என எல்லாவற்றையும் முடித்து இரவு வீடு திரும்ப நினைக்கிறோம். மாமியாருக்கு எழுபது வயது, முழங்கால் வலி உண்டு. அவரும் வருவதாகச் சொல்கிறார். இது சாத்தியமா? எந்த வரிசையில் போவது?

பதில்: வண்டி ஓடும், சகோதரி. ஆறு ஊர்ப் பலகைகளையும் பார்த்துவிடுவீர்கள். ஆனால் மறுநாள் பிள்ளைகளிடம் கேட்டால் எந்த ஊரில் என்ன நடந்தது என்று சொல்ல மாட்டார்கள். ஒரு நாளுக்கு ஒரு கதை போதும். அந்தக் கதை நடந்த இடங்களை மட்டும் பாருங்கள், மற்றவை எங்கும் போய்விடாது. உங்கள் பட்டியலில் ஐந்து கதைகள் கலந்து கிடக்கின்றன.

முதலில் தேதி. ஆகஸ்ட் 15 அன்று மாவட்டத் தலைநகரங்களில் ஆட்சியர் கொடியேற்றுவது காலை ஒன்பது மணியை ஒட்டி. அணிவகுப்பு, பதக்கம், பள்ளிப் பிள்ளைகளின் கலைநிகழ்ச்சி எல்லாம் முடிந்து நீங்கள் மதுரையை விட்டுக் கிளம்பும்போது பாதி முற்பகல் போயிருக்கும். அதோடு, அரசு அருங்காட்சியகங்கள் தேசிய விடுமுறை நாள்களில் மூடியிருக்கும். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில்தான் பலர் குடும்பத்தோடு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். எழும்பூர் உள்ளிட்ட அரசு அருங்காட்சியகங்களுக்கு அது வார விடுமுறை.

ஆகவே கொடியேற்றத்தை உங்கள் ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மதுரை ஆயுதப்படை மைதானத்தில் நடக்கும் விழாவைப் பிள்ளைகளுக்கு முழுதாகக் காட்டுங்கள். நுழைவுச் சோதனை இருப்பதால் பைகளைக் குறைத்துக்கொண்டு, நேரத்தோடு போய் மாமியாருக்கு நிழலில் ஓர் இடம் பிடியுங்கள். அது முடிந்ததும் மேலமாசி வீதிக்குப் போங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி தமது உடையை இடுப்புத் துணியாகச் சுருக்கிக்கொண்டது அந்த வீதியில் உள்ள ஒரு வீட்டில்தான். இப்போது அங்கே கதர் விற்பனை நிலையம் இருக்கிறது. கடை அடைத்திருந்தாலும் பரவாயில்லை. நம் ஊர்க்காரர்களின் ஏழ்மையைப் பார்த்து ஒரு மனிதர் தம் உடையையே மாற்றிக்கொண்ட இடம் இது என்று அந்த வாசலில் நின்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அன்றைக்கு அது போதும். பக்கத்தில் ஏதாவது ஊராட்சியில் உறவினர் இருந்தால் அங்கே அன்று கிராம சபை கூடும். மகனை அழைத்துப் போய் உட்கார வைக்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மக்களாட்சி எப்படி நடக்கிறது என்று காட்ட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பயணத்தை அடுத்து வரும் ஏதாவது ஒரு சனிக்கிழமைக்குத் தள்ளுங்கள். கதை 1799ஆம் ஆண்டின் கட்டபொம்மன் கதையாக இருக்கட்டும். எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம், கயத்தாறு என்று ஒரு வட்டம். மொத்தம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். நெற்கட்டும்செவல் வாசுதேவநல்லூர்ப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது. அந்த ஊரை ஆண்ட பூலித்தேவர் கட்டபொம்மனுக்கு ஒரு தலைமுறை முந்தியவர். திசையும் வேறு, காலமும் வேறு. தூத்துக்குடியை வ.உ.சி.க்காகவே தனியாக ஒருநாள் பார்க்க வேண்டும்.

காலை ஆறரைக்குக் கிளம்பி அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி நெடுஞ்சாலையில் வாருங்கள். வழியில் காலை உணவை முடித்துக்கொண்டால் ஒன்பதரைக்குள் எட்டயபுரம். அதற்கு முன்னால் வந்து பயனில்லை, நினைவில்லங்கள் அலுவலக நேரத்தில்தான் திறக்கும். பாரதி 1882 டிசம்பர் 11 அன்று பிறந்த வீடு ஒரு சிறிய தெருவில் இருக்கிறது. வேனை முக்கிய வீதியில் நிறுத்தி நடக்கலாம், மாமியாரை மட்டும் வாசலில் இறக்கிவிடச் சொல்லுங்கள். பழைய வீடு என்பதால் பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படியிருந்தாலும் மணிமண்டபம் இருக்கிறது. கல்கியின் முயற்சியில், மக்கள் கொடுத்த நன்கொடையில் எழுந்த மண்டபம் அது. 1945இல் அடிக்கல் நாட்டிய ராஜாஜியே 1947 அக்டோபரில், சுதந்திரம் வந்த இரண்டாம் மாதத்தில், திறந்தும் வைத்தார். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் அடக்கத்தலமும், முத்துசாமி தீட்சிதரின் நினைவிடமும் இதே ஊரில்தான். பெரியவர்களுக்கு ஆசை இருந்தால் ஒன்றைப் பாருங்கள். பதினொரு மணிக்கு மேல் தங்காதீர்கள்.

இந்த ஊரில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். எட்டயபுரம் பாளையக்காரர் கும்பினியார் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார்) பக்கம் நின்றார் என்பதைப் பிள்ளைகள் திரைப்படத்திலும் மேடை நாடகத்திலும் பார்த்திருப்பார்கள். தெருவில் நின்று அதைக் கேலியாகப் பேசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அரண்மனை எடுத்த முடிவுக்கு இன்றைக்கு டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் பொறுப்பில்லை. பாளையங்களுக்குள் நிலத்துக்கும் எல்லைக்கும் நெடுநாள் பகை இருந்தது, கும்பினி அதைப் பயன்படுத்திக்கொண்டது என்று மகனுக்கு வேனில் வைத்தே சொல்லிவிடுங்கள். அதே மண்ணில் 83 ஆண்டுகள் கழித்துப் பாரதி பிறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது பாஞ்சாலங்குறிச்சி. இங்கேதான் நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டும். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

நுழைவாயிலுக்கு முன்பே பிள்ளைகளிடம் ஓர் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நாம் பார்க்கப்போகிற கோட்டை கட்டபொம்மன் வாழ்ந்த கோட்டை இல்லை. 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. பலர் இதை மறைத்துவிடுகிறார்கள், பிள்ளைகள் ஏமாந்து போவார்கள் என்று பயம். எனக்கு அனுபவம் நேர்மாறானது. சொன்ன உடனே 'அப்படியானால் பழைய கோட்டை எங்கே போயிற்று?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பழைய கோட்டையின் கதை இதுதான். 1799 செப்டம்பரில் கும்பினியின் மேஜர் பானர்மேன் படையோடு வந்து தாக்கினான். கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார், புதுக்கோட்டைத் தொண்டைமான் எல்லைக்குள் பிடிபட்டார், கயத்தாறுக்குக் கொண்டுவரப்பட்டார். கோட்டையை இடித்தார்கள். தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். 1801 பிப்ரவரியில் அவர் சிறையிலிருந்து தப்பி வந்து, தரைமட்டமாகிக் கிடந்த கோட்டையைச் சில நாள்களிலேயே மண்ணால் மறுபடி எழுப்பிவிட்டார். எதிரணியில் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேயத் தளபதியே அந்த மண்கோட்டையையும் ஊமைத்துரை மீது மக்கள் வைத்திருந்த பற்றையும் வியந்து எழுதிவைத்திருக்கிறார். மார்ச் மாதத் தாக்குதலில் கும்பினிப் படை பெரும் இழப்போடு பின்வாங்கியது. மே மாத இறுதியில் கூடுதல் படையும் பீரங்கியும் வந்த பிறகுதான் கோட்டை விழுந்தது. ஊமைத்துரை தப்பி மருது சகோதரர்களோடு சேர்ந்து போரிட்டு, கடைசியில் பிடிபட்டு, 1801 நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார். கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று இந்த வட்டாரத்தில் சொல்வார்கள்.

அண்ணனை அறிந்த அளவுக்குத் தம்பியை நம் பிள்ளைகள் அறியவில்லை. இங்கே வந்தும் அறியாமல் போனால் அது பெரிய குறை. அதனால் உள்ளே இருக்கும் சுவரோவியங்களைப் பார்க்கும்போது ஊமைத்துரை எங்கெங்கே வருகிறார் என்று மகளைத் தேடச் சொல்லுங்கள். மகனுக்கு வேறு வேலை: வளாகத்தில் எது பழைய கோட்டையின் அடித்தளம், எது 1974இல் வந்தது என்று பிரித்துக் காட்டட்டும். தொல்லியல் துறைப் பலகை அவனுக்கு உதவும். பக்கத்தில் கட்டபொம்மன் வழிபட்ட வீரசக்கதேவி கோயில் இருக்கிறது. மாமியார் அங்கே நிழலில் உட்கார்ந்து இளைப்பாறலாம். போரில் இறந்த ஆங்கிலேய வீரர்களின் கல்லறைகளும் அருகில் உண்டு. அங்கேயும் போங்கள். எதிரியின் சாவை அந்தக் கல்லில் படிக்கும்போதுதான் இது மேடையில் முடிந்த வசனச் சண்டை இல்லை என்று பிள்ளைகளுக்கு உறைக்கும். படைத்தளபதி சுந்தரலிங்கத்தின் ஊரான கவர்னகிரியும் இதே பகுதிதான். நேரம் மிஞ்சினால் பாருங்கள், மிஞ்சாது என்றே நினைக்கிறேன்.

கரிசல் காடு இது. நிழல் குறைவு, ஆகஸ்ட் காற்று புழுதியை வாரி வீசும். தலைக்கு ஒரு துண்டு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மாமியாருக்கு ஒரு மடக்கு நாற்காலி. மடக்கு நாற்காலியை மறந்துவிடாதீர்கள். நினைவிடங்களில் உட்கார இடம் தேடி அலைவதில்தான் முதியவர்கள் களைத்துப்போகிறார்கள். கழிப்பறையை நெடுஞ்சாலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. மதியத்துக்குப் புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டி எடுத்து வாருங்கள்.

ஓட்டப்பிடாரம் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து மூன்று கிலோமீட்டர். ஒரு நாளுக்கு ஒரு கதை என்று நானே சொல்லிவிட்டு இதைச் சேர்ப்பதற்குக் காரணம் அந்தத் தூரம்தான். இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு வ.உ.சி. 1872 செப்டம்பர் 5 அன்று பிறந்த இல்லத்தைப் பார்க்காமல் போக மனம் ஒப்பாது. அரை மணி நேரம் போதும். கோட்டை கட்டி எதிர்த்த ஊருக்கு அடுத்த ஊரிலிருந்து, நூறு ஆண்டு கழித்து ஒருவர் கப்பல் விட்டு எதிர்த்தார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர், 1908இல் கைதாகி, கோவைச் சிறையில் செக்கிழுத்தார். இதை மட்டும் சொல்லி, மீதியைத் தூத்துக்குடிப் பயணத்துக்கு வைத்துவிடுங்கள்.

அங்கிருந்து உள்சாலைகளில் கடம்பூர்ப் பக்கமாகக் கயத்தாறு. மூன்று மணிக்குள் சேர்ந்துவிடலாம். 1799 அக்டோபர் 16 அன்று மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து நிற்க வைத்து, அவர்கள் கண்முன்னே விசாரணை நடத்தி, கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். எல்லோரும் பார்க்க வேண்டும், பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதுதான் நோக்கம். கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன் இங்கே நிலம் வாங்கி 1970இல் சிலை நிறுவினார். பிற்பாடு அரசும் மணிமண்டபம் கட்டி 2015இல் திறந்தது. இங்கே அதிகம் விளக்க வேண்டாம். காலையிலிருந்து கேட்ட கதை முடிந்த இடம் இது என்று சொன்னால் பிள்ளைகள் தாமாகவே அமைதியாகிவிடுவார்கள். வட்டத்தை மறுபக்கமாகச் சுற்றாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். கயத்தாறை முதலில் பார்த்தால் கோட்டைக்குப் போகும்போது பிள்ளைகளுக்குக் கேட்க ஒன்றும் மீதியிருக்காது.

நாலேகாலுக்குக் கிளம்பினால் நான்குவழிச் சாலையில் கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் வழியாக ஏழு மணிக்கு மதுரை. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்காமல் வர முடியாது, அதற்குப் பதினைந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேன் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தலைவர்களின் பிறந்தநாள், நினைவுநாள், கோயில் விழா நாள்களில் தென்மாவட்டங்களில் தடை உத்தரவு போடுவது வழக்கம். மே மாதம் வீரசக்கதேவி கோயில் விழாவுக்குப் பல ஊர்களிலிருந்து ஜோதி ஏந்தி ஓடிவருவார்கள், பார்க்க வேண்டிய விழாதான். ஆனால் அப்போது வாடகை வாகனங்களில் கூட்டமாக வருவதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்படும். செப்டம்பர் 1 பூலித்தேவர் பிறந்தநாளை ஒட்டித் தென்காசி மாவட்டத்திலும் இப்படித்தான். முன்பு 144 என்று சொன்னோம், இப்போது புதிய சட்டத்தில் அது 163ஆம் பிரிவு. ஆகஸ்ட் பின்பாதியில் தேதி குறிக்கும்போது இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, எந்த நினைவில்லம் திறந்திருக்கிறது, போக்குவரத்துத் தடை ஏதும் உண்டா என்று கேட்டுவிடுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் நேரங்களை நம்பிப் போக வேண்டாம்.

கொடியேற்றத்தைத் தாண்டி ஒரு விழாவையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றால், டிசம்பர் 11 எட்டயபுரத்தைத்தான் சொல்வேன். பாரதி பிறந்தநாளில் தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் போட்ட பள்ளிப் பிள்ளைகள் தெருவெங்கும் பாடிக்கொண்டு வருவார்கள். உங்கள் மகள் வயதுப் பிள்ளைக்கு ஏற்ற விழா, அவளும் ஒரு பாட்டை மனப்பாடம் செய்துகொண்டு வரலாம். அரையாண்டுத் தேர்வு அதே வாரத்தில் வரக்கூடும், பள்ளியில் அட்டவணை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.