அமோனைட் கேள்விகள்: ஊர் பேர் இல்லாத கல்லுக்கு பதில் இல்ல

பெரம்பலூர் மாவட்டம் காரையில எடுத்த அமோனைட்டும் (அழிஞ்சு போன சுருள் ஓட்டு கடல் உயிரி) மடகாஸ்கர் அமோனைட்டும் ஒரே மாதிரி இருக்கே, எப்படி கடல் தாண்டுச்சு?

தாண்டறதுக்கு பெருசா கடலே இல்லைங்க. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிஞ்சதே சுமார் 9 கோடி வருஷம் முன்னாடிதான், இந்த கல்லு கிடைக்கற காரை களிமண் அடுக்கு அதுக்கும் பழசு. தூர தேசத்துக்கும் போயிருக்கு, காட்ரிசெராஸ்னு ஒரு அமோனைட் வகை நம்மகிட்டயும் இருக்கு, ஜப்பான் ஹொக்கைடோவுலயும் இருக்கு. குஞ்சு பொரிக்கறப்ப ஒரு மில்லிமீட்டர் அளவுதான், நீரோட்டம் எங்க இழுக்குதோ அங்க போகும், கடல் மட்டமும் அப்ப ரொம்ப உசரம், அதனால வழி நிறைய.

செத்தப்புறம் வெறும் ஓடு மிதந்து வந்திருக்கலாம்ல?

வந்திருக்கலாம், அமோனைட்டோட இன்னும் உயிரோட இருக்கற சொந்தக்காரன் நாட்டிலஸோட ஓடு இன்னைக்கும் அப்படித்தான் கரை ஒதுங்குது. அதனால ஒத்த ஓட்ட வச்சு குடியேற்றம்னு முடிவு கட்டாதீங்க. சின்னது பெருசு எல்லாம் ஒரே அடுக்குல கிடைச்சா பேசலாம்.

டைனோசர் முட்டை கிடைச்சிருக்கு, போட்டோ பாருங்க.

முட்டை இல்ல, முட்டை மாதிரி உருண்ட கல்லு. 2020ல பெரம்பலூர் குன்னத்துலயும் டைனோசர் முட்டைன்னு இதே கூத்துதான். உடைச்சு பாக்காதீங்க.

சாளக்கிராமம் அமோனைட்டா?

ஆமா. நேபாள கண்டகி ஆத்துல வர்றது, பெரும்பாலும் ஜுராசிக். நம்மூர் கல்லுக்கு மூத்தது.

அஞ்சு கல்லு போட்டோ அனுப்பியிருக்கேன், என்ன இனம், எந்த காலம்?

எங்க எடுத்தீங்க? எழுதல. பக்கத்துல ஒரு ஸ்கேல், அட ஒரு காசாவது வச்சீங்களா? அதுவும் இல்ல. மாசா மாசம் சொல்லி வாய் வலிக்குது. 1860கள்ல நம்மூர் அமோனைட்ட பத்தி புவியியலாளர் ஸ்டோலிச்கா எழுதினத இன்னைக்கும் நாங்க புரட்டறோம்னா, ஒடியம், ஊட்டத்தூர்னு கிராமத்து பேரோட இருக்கறதாலதான், அந்த காலத்துல போனா இருந்துச்சு? உங்க பாக்கெட்ல ஜிபிஎஸ் இருக்கு, அதுல ஒரு பின் போட கை வரல. காரையில ஓடைக்கு அடியில இருக்கறதுக்கும் மேட்டுல இருக்கறதுக்கும் பல லட்சம் வருஷம் வித்தியாசம் வரும், மார்ட்டோனிசெராஸ்ங்கற அமோனைட் வகை கீழ, காலிகோசெராஸ்ங்கற வகை மேல, மழை ரெண்டையும் ஒரே பள்ளத்துல உருட்டி விட்டுடும். அதனால பாறைக்குள்ள பதிஞ்சு இருந்துச்சா, சும்மா கீழ கிடந்துச்சான்னும் எழுதணும். அடுக்கு தெரிஞ்சாத்தான் ஒரு இனம் முதல்ல இங்க வந்துச்சா, மடகாஸ்கர்ல வந்துச்சான்னு ஒப்பிடவே முடியும், இல்லேன்னா அது ஷோகேஸ் பொம்மை. விலை கேட்டவருக்கு பதில் கிடையாது.

நாட்டிலஸ் தப்பிச்சுது, அமோனைட் ஏன் அழிஞ்சுது?

6.6 கோடி வருஷம் முன்னாடி மேல்கடல்ல மிதவை உயிரிங்க செத்து விழுந்துச்சு, அத நம்பியிருந்த பொடி குஞ்சுங்களும் போச்சுன்னு நிறைய பேர் சொல்றாங்க. நாட்டிலஸ் குஞ்சு பிறக்கறப்பவே ஒரு இன்ச் இருக்கும், ஆழத்துலயும் வாழும்.

திருவக்கரையில அமோனைட் கிடைக்குமா?

கிடைக்காது. அது கல்மரம், மயோசீன் காலம், அமோனைட் அழிஞ்சு ரொம்ப காலத்துக்கு அப்புறம்.