செக்கில் கையெழுத்து யாருடையது? கலிஃபோர்னியா கன்ட்ரோலர் தேர்தல்: கேள்வி-பதில்

வாக்குச்சீட்டில் கன்ட்ரோலர், டிரஷரர் என்று இரண்டு பதவிகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. மாநிலத்தின் பணத்தை முதலீடு செய்வதும் கடன் பத்திரம் விற்பதும் டிரஷரர். கணக்குப் பார்த்து, தணிக்கை செய்து, செக்கை விடுவிப்பவர் கன்ட்ரோலர். மாநில வரி ரீஃபண்ட் செக் வந்தால் கீழே பாருங்கள், அவர் கையெழுத்துதான் இருக்கும்.

கணக்குப் பார்க்கிற வேலைக்குத் தேர்தல் எதற்கு? இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) மாதிரி நியமித்தால் போதாதா?

நியமித்தவருக்கு 'முடியாது' என்று சொல்வது எளிதல்ல. ஜான் சியாங் கன்ட்ரோலராக இருந்த காலத்தைப் பாருங்கள். 2009 ஜூலையில் பட்ஜெட் இழுபறியில் கஜானா வறண்டது. பணத்துக்குப் பதிலாக, அக்டோபர் 2-ல் 3.75% வட்டியோடு தருகிறோம் என்று எழுதிய கடன் சீட்டுகளை அவர் அலுவலகம் அனுப்பியது. ரீஃபண்டுக்குக் காத்திருந்தவர்கள் கையில் காசில்லை, அந்தத் தாள்தான் இருந்தது. ஒரு வாரத்திலேயே பெரிய வங்கிகள் அதை வாங்க மறுத்தன.

2011-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய பட்ஜெட்டில் வரவும் செலவும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லி, உறுப்பினர்களின் சம்பளத்தையே நிறுத்தினார். அங்கே பெரும்பான்மை அவருடைய சொந்தக் கட்சிக்கு! அந்த அதிகாரம் அவருக்கு இல்லை என்று பிறகு நீதிமன்றம் சொன்னது, சரிதான். ஆனாலும் மக்களிடம் நேராக ஓட்டு வாங்கியவர் என்பதால்தான் அந்தத் துணிச்சல் வந்தது என்று நான் நம்புகிறேன்.

ஜனநாயகக் கட்சியின் கோட்டையில் நிஜமாகவே போட்டி இருக்கிறதா?

2022-ல் இருந்தது. ஜூன் முதற்கட்டத்தில் எல்லாக் கட்சியினரும் ஒரே பட்டியலில் நின்றார்கள். ஜனநாயகக் கட்சி ஓட்டு நான்காகப் பிரிய, குடியரசுக் கட்சியின் லான்ஹீ சென் முதலிடம் பிடித்தார். நவம்பரில் அவரோடு மோதிய ஜனநாயகக் கட்சியின் மாலியா கோஹன் சுமார் 55% வாங்கி ஜெயித்தார். சென்னுக்கு 45%. அதே நாளில் அவர் கட்சியின் ஆளுநர் வேட்பாளருக்கு 41%தான். கட்சி பார்க்காமல் ஓட்டுப் போட்டவர்கள் இருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஒருவர் எத்தனை முறை இந்தப் பதவியில் இருக்கலாம்?

நான்கு ஆண்டு வீதம் இரண்டு முறை.

கிரீன் கார்டில் இருக்கிறேன், ஓட்டு இல்லை. எனக்கும் இந்த அலுவலகத்துக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் பணமே அங்கே இருக்கலாம். மூன்று ஆண்டு தொடாத வங்கிக் கணக்கு, பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிய வாடகை அட்வான்ஸ் செக், இதெல்லாம் கடைசியில் கன்ட்ரோலரிடம்தான் போய்ச் சேரும். அவருடைய தளத்தில் தேடவும் கேட்டு வாங்கவும் கட்டணமில்லை. நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அப்பா பெயர் சில இடத்தில் முன்னால், சில இடத்தில் பின்னால் பதிவாகியிருக்கும். அதனால் பெயரை மாற்றிப் போட்டும், இனிஷியலோடும் தேடிப் பாருங்கள்.