தூவியா, பாலியெஸ்டரா?

கேள்வி: மகள் ஜனவரியில் மேற்படிப்புக்கு டொராண்டோ போகிறாள். தூசி என்றாலே தும்முவாள். வாத்துத் தூவி (மென்மையான உள்ளிறகு) அடைத்த கம்ஃபர்டர் போர்வை நல்லதா, பாலியெஸ்டர் போதுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: பாலியெஸ்டரே வாங்கச் சொல்லுங்கள். எடையில்லாத கதகதப்புக்கு என்னவோ தூவிதான். அங்கே 6 குளிர்காலம் அதில்தான் தூங்கினேன். ஆனால் அதைத் துவைப்பதுதான் பெரும்பாடு. நனைந்தால் கட்டி கட்டியாகிவிடும். டிரையரில் 2 டென்னிஸ் பந்துகளையும் போட்டு, 3 மணி நேரம் சுற்றவிட்டு, நடுநடுவே உதறுவேன். ஒருமுறை அரை ஈரத்தோடு மடித்துவிட்டேன், அந்த வாடை போகவே இல்லை.

தும்மலுக்குத் தூசியில் வாழும் சிற்றுண்ணிகள் காரணமாக இருக்கலாம். 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் அவை சாகும். அந்தச் சூட்டில் துவைக்கலாம் என்று லேபிளில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும். அப்புறம், மேலுறை 2 இருக்கட்டும். வாரம் ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம்.