புள்ளி இல்லாத இடத்துக்கும் விதி உண்டு

கேள்வி: கில்லர், குரோப்கி, தெர்மோ என்று விதம்விதமாகச் சுடோகு வருகிறது. இவற்றின் விதிகளை எப்படி விளங்கிக்கொள்வது? எதில் தொடங்கலாம்?

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். பரீட்சை வினாத்தாள்களுக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் பிரிண்ட் எடுக்கப்படுவது சுடோகுதான் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எடுத்துக் கொடுக்கும் முன் நானும் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

நிரை, நிரல், 3×3 பெட்டி ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை ஒவ்வொரு தடவை. இந்த அடிப்படையைப் பெரும்பாலான வகைகள் தொடுவதே இல்லை. அதன் மேல் இன்னொரு விதியை ஏற்றுகின்றன, அவ்வளவுதான். அப்படி ஏற்றிய விதியில் இரண்டு சங்கதிகளைத் தேடிப் பாருங்கள். வரைந்திருக்கும் வடிவத்துக்குள் ஒரே இலக்கம் இரண்டு தடவை வரலாமா? குறி எதுவும் போடாத இடத்துக்கும் ஏதாவது அர்த்தம் உண்டா? ஆட்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது அநேகமாக இந்த இரண்டில் ஒன்றினால்தான்.

முதலாவதற்குக் கில்லர் நல்ல உதாரணம். புள்ளிக்கோட்டால் சூழப்பட்ட கூண்டுகள் இருக்கும். மூலையில் உள்ள சிறிய எண் அந்தக் கூண்டின் கூட்டுத்தொகை. கூண்டுக்குள் இலக்கம் மீளக் கூடாது. 2004இல் ஜப்பானிய ஆசிரியர் டெட்சுயா மியாமோட்டோ உருவாக்கிய கென்கென் என்ற வேறோர் எண் புதிரிலும் கூண்டு உண்டு. அங்கே ஒரே நிரையிலோ நிரலிலோ விழாத வரை மீளலாம். ‘ட’ வடிவில் மூன்று கட்டம், கூட்டுத்தொகை 5 என்று வையுங்கள். கென்கெனில் வளைவில் 1, இரு முனைகளிலும் 2 என்று போட்டுவிடலாம். கில்லரில் அப்படியொரு கூண்டே இருக்க முடியாது. மூன்று கட்டத்துக்குக் குறைந்தது 1, 2, 3, அதாவது 6 வேண்டும். அம்புச் சுடோகுவிலோ, அம்பின் உடலில் உள்ளவற்றைக் கூட்டினால் வட்டத்தில் உள்ள இலக்கம் வரவேண்டும். அடிப்படை விதி தடுக்காவிட்டால் அம்பில் இலக்கம் மீளலாம்.

கில்லரில் ஆரம்ப இலக்கமே தராமல் விடுவார்கள். பயப்பட வேண்டாம், 45ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். 1 முதல் 9 வரை கூட்டினால் 45. ஒரு பெட்டிக்குள் முழுதாக அடங்கிய கூண்டுகள் சேர்ந்து 38, மிச்சம் ஒரு கட்டம் என்றால் அது 7. கூண்டுகள் பெட்டியை நிரப்பி ஒரு கட்டம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, மொத்தம் 49 என்றால் வெளியே நிற்பது 4. அடுத்து நெருக்கமான கூண்டுகளைப் பாருங்கள். இரண்டு கட்டத்தில் 17 என்றால் 8, 9 தவிர வழியில்லை. மூன்று கட்டத்தில் 8 என்றால் 1, 2, 5 அல்லது 1, 3, 4. எப்படியும் 1 உள்ளே இருக்கிறது.

இனி அந்த வெற்றிடச் சங்கதி. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் குரோப்கி ஒன்றைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனவர், மறுநாளே வந்து, “தம்பி, இது பிழையான கணக்கு. இரண்டு விதமாகவும் பொருந்துகிறது” என்று தாளை மேசையில் போட்டார். வெள்ளைப் புள்ளிக்கு இருபுறமும் அடுத்தடுத்த இலக்கங்கள், கறுப்புப் புள்ளி என்றால் ஒன்று மற்றதன் இருமடங்கு. இதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் மகன் வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் கட்டம் மட்டும் இருந்தது. கீழே இருந்த விதி வரி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. “சேர், எல்லாப் புள்ளிகளும் தரப்பட்டுள்ளன என்று ஒரு வரி இருந்திருக்கும்” என்றேன். அப்படியென்றால் புள்ளி இல்லாத இடத்தில் அந்த இரண்டு உறவும் இல்லை.

அந்த ஒரு வரியின் பலத்தைப் பாருங்கள். ஒரு நிரையில் மூன்று கட்டம் மிச்சம். போடவேண்டியவை 4, 5, 8. அவற்றில் இரண்டு கட்டம் பக்கத்தில் பக்கத்தில், நடுவே புள்ளி இல்லை. மூன்றாவது தூரத்தில். புள்ளி இல்லாததால் 4உம் 5உம் அங்கே சேர முடியாது, 4உம் 8உம் சேர முடியாது. ஆக அந்த ஜோடி 5, 8. தூரத்தில் இருப்பது 4. வரி இல்லாவிட்டால் இதில் ஒன்றும் சொல்ல முடியாது. கறுப்புப் புள்ளியில் இன்னொரு சுகம்: 5, 7, 9 அதன் பக்கத்திலேயே வராது. ஒரே நிரையில் மூன்று கட்டங்களைக் கறுப்புப் புள்ளிகள் தொடுத்தால் 2உம் 4உம் கட்டாயம் உள்ளே.

தெர்மோவில் வெப்பமானி வடிவம் வரைந்திருக்கும், அதன் குமிழிலிருந்து முனை வரை இலக்கம் ஏறிக்கொண்டே போகவேண்டும். சாண்ட்விச்சில் ஓரத்து எண், அந்த நிரையில் அல்லது நிரலில் 1க்கும் 9க்கும் இடையில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை. 0 என்றால் இரண்டும் ஒட்டி நிற்கின்றன, 35 என்றால் இரண்டு அந்தங்களிலும். குதிரை விதியில், சதுரங்கக் குதிரை தாவும் தூரத்தில் ஒரே இலக்கம் கூடாது. இத்தகைய விதிகளின் பலம் லேசுப்பட்டதல்ல. சாதாரணச் சுடோகுவுக்கு ஒரே விடை கிடைக்கக் குறைந்தது 17 இலக்கம் தரவேண்டும் என்று 2012இல் டப்ளின் ஆய்வாளர்கள் கணினியில் தேடிக் காட்டினார்கள். 2020இல் மிட்செல் லீ என்பவர் குதிரை விதி, ராஜா விதி (சதுரங்க ராஜா நகரும் தூரத்தில் ஒரே இலக்கம் கூடாது), பக்கத்துக் கட்டத்தில் அடுத்தடுத்த இலக்கம் கூடாது என்ற விதி மூன்றையும் சேர்த்து, 1, 2 என்ற இரண்டே இலக்கங்களுடன் ஒரு புதிர் போட்டார். விடை ஒன்றுதான்.

தொடங்குவதானால் மூலைவிட்ட வகையில் தொடங்குங்கள். இரண்டு பெரிய மூலைவிட்டங்களிலும் 1 முதல் 9 வரை வரவேண்டும் என்பதைத் தவிரப் புதிதாக எதுவும் இல்லை. பிறகு கில்லர். குரோப்கியும் சாண்ட்விச்சும் அதற்கப்புறம். சாமுராய் என்று ஐந்து கட்டங்களைப் பிணைத்துத் தருவது எனக்குப் பிடிப்பதில்லை. நேரம்தான் அதிகம் எடுக்கும், யோசனை அல்ல.

பிரிண்ட் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கில்லர் கூண்டும் தெர்மோ குமிழும் மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். டோனர் குறைந்த மெஷினில் அவை தாளில் விழாது. கடைக்காரரிடம் கொஞ்சம் அடர்த்தியாக எடுக்கச் சொல்லுங்கள். விதி வரிகளும் கட்டமும் ஒரே பக்கத்தில் வரட்டும்.