பின் சீட்டுக்கு அடியில் கிடந்த காப்பு

கேள்வி: ஐந்து மாதத்துக்கு முன்பு புரோக்கர் மூலம் பழைய கார் ஒன்று வாங்கினேன். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது. போன வாரம் புது சீட் கவர் போடக் கொடுத்தபோது, பின் சீட்டைக் கழற்றிய தொழிலாளி அடியில் கிடந்த ஒரு துணிப் பையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே குழந்தைக்குப் போடும் தங்கக் காப்பு ஒரு ஜோடி, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் ஒன்று. "வண்டியோட சேர்த்துக் காசு கொடுத்தாச்சு, இனி உங்களுதுதான்" என்கிறார் மெக்கானிக். "எங்கிட்ட கொடுங்க, நான் சேர்த்துடறேன்" என்கிறார் புரோக்கர். யார் சொல்வது சரி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. சரியாக நடந்துகொண்டவர் அந்த சீட் கவர் தொழிலாளி. அவர் நினைத்திருந்தால் அந்தப் பை உங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது. தன்னுடையது இல்லை என்று உங்களிடம் கொடுத்தார். உங்களுடையதும் இல்லையே, ஐயா. நீங்கள் விலை பேசியது வண்டிக்கு. விற்றவருக்கே தெரியாமல் உள்ளே கிடந்த காப்பை அவர் எப்படி விற்றிருக்க முடியும்?

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. கண்டெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்தால் குற்றமில்லை. உரியவரைத் தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழியிருந்தும், தனதாக்கிக்கொண்டால் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 403-வது பிரிவு இதைச் சொன்னது. சாலையில் கிடந்த கடிதத்துக்குள் பணம் இருக்கிறது, யாருடையது என்று கடிதமே சொல்கிறது, அதை எடுத்துக்கொண்டவன் குற்றவாளி என்று உதாரணமே கொடுத்திருந்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-வது பிரிவு இருக்கிறது. குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. உங்கள் பையில் சான்றிதழே இருக்கிறது; மாணவர் பெயரும் பள்ளியின் பெயரும் அதில் இருக்குமே!

காப்பை விட எனக்கு அந்தக் காகிதம்தான் மனதை உறுத்துகிறது. காப்பை இன்னொன்று செய்துகொள்ளலாம். சான்றிதழைத் தொலைத்த பிள்ளை நகல் வாங்க போலீஸ் ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று அலைய வேண்டும். இப்போதும் அந்த வீட்டில் பீரோவைக் கலைத்துத் தேடிக்கொண்டிருக்கலாம். ஒரு வாரம் போய்விட்டது. இனி ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள்.

புரோக்கரிடம் கொடுக்க வேண்டாம். அவரைக் குறை சொல்லவில்லை. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71-வது பிரிவுப்படி, பிறர் ஒப்படைத்த பொருளை வாங்கி வைத்திருப்பவருக்கு உள்ள அதே பொறுப்பு, கண்டெடுத்தவருக்கும் உண்டு. அந்தப் பொறுப்பு உங்களுடையது. பையைப் போட்டோ எடுங்கள், காப்பை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் உள்ள ஓனரைக் கூப்பிட்டு, "வண்டியில் ஒரு பை கிடந்தது, உள்ளே என்ன வைத்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அடையாளம் அவர் வாயிலிருந்து வரட்டும். அவருக்கும் முந்தைய ஓனருடையது என்றால் சான்றிதழில் உள்ள பள்ளியில் விசாரியுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வண்டி வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு. உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. நாளை நீங்கள் யார் மீதாவது மோதினால், இழப்பீட்டுக்கு அந்தப் பழைய ஓனர்தான் இழுக்கப்படுவார். வண்டி கைமாறிய பிறகும் பதிவில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆக, அவருடைய காப்பு மட்டுமல்ல, அவருடைய பெயரும் உங்களிடம்தான் இருக்கிறது. பையைக் கொடுக்கப் போகும்போது பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்கி வந்துவிடுங்கள்.