திட்டு வாங்கியது எந்தப் படம்?

கேள்வி: 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் அமெரிக்கா' படத்தைப் போன வாரம்தான் பார்த்தேன். அசந்துபோனேன். 1984இல் இது வந்தபோது அமெரிக்க விமர்சகர்கள் பலர் கிழித்துத் தொங்கவிட்டார்களாமே? இதே மாதிரி ஆட்கள்தானே நம்மூர்ப் படங்களுக்கும் இரண்டரை ஸ்டார் போட்டுக் கொல்கிறார்கள்? இவர்கள் எழுதுவதை எதற்குப் படிக்க வேண்டும்?
- ஒரு வாசகர், செல்லூர், மதுரை

பதில்: நீங்கள் பார்த்த படம் எவ்வளவு நேரம் ஓடியது? மூன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் என்றால், அவர்கள் திட்டிய படத்தை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. இயக்குநர் செர்ஜியோ லியோனே கான் திரைப்பட விழாவில் காட்டியது 229 நிமிடப் படம். அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் அவர் சம்மதமில்லாமல் 90 நிமிடத்தை வெட்டி 139 ஆக்கினார்கள். வெட்டியதோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை, முன்னும் பின்னுமாகப் போய்வரும் கதையைப் பிரித்துப்போட்டு, சின்ன வயசு முதலில், வாலிபம் அடுத்து, கிழப்பருவம் கடைசியில் என்று அடுக்கிவிட்டார்கள்.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். 'சுப்ரமணியபுரம்' படத்தை நினைத்துப் பாருங்கள். சிறையிலிருந்து வெளியே வருகிற ஆளை வாசலிலேயே குத்துகிறார்கள். யார் அவர், எதற்காக என்று தெரியாமல்தான் நாம் 1980க்குப் போகிறோம். அந்தக் காட்சியைத் தூக்கிக் கடைசியில் ஒட்டினால் சசிகுமார் எடுத்த படம் என்ன ஆகும்? லியோனே படத்துக்கு அதுதான் நடந்தது. அபினி கூடத்தில் மயங்கிக் கிடக்கிற ராபர்ட் டி நீரோவின் காதில் ஒரு டெலிபோன் மணி அடிக்க ஆரம்பிக்கிறது. மழைத் தெருவில் கிடத்தியிருக்கும் பிணங்களின் மேலும் அதே மணி, அப்புறம் ஒரு விருந்துக் கூச்சலின் மேலும் அதே மணி, கடைசியில் போலீஸ் சார்ஜென்ட் மேசையில் ஒரு கை ரிசீவரை எடுக்கும்போதுதான் நிற்கிறது. நண்பர்களைக் காட்டிக்கொடுத்த குற்ற உணர்ச்சி முழுக்க அந்த மணிக்குள் இருக்கிறது. யார் யாரென்று முன்னாடியே தெரிந்துவிட்டால் அது வெறும் போன் சத்தம்.

சிகாகோ விமர்சகர் ஜீன் சிஸ்கல் என்ன செய்தார் தெரியுமா? 1984இன் மிகச் சிறந்த படம் என்று முழுப் பதிப்பையும், மிக மோசமான படம் என்று வெட்டிய பதிப்பையும் சொன்னார். ஒரே ஆள், ஒரே வருடம். அவருடைய சக விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டும் அதே கட்சிதான். ஆக, அன்றைக்கு 139 நிமிடத்தைத் திட்டியவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகவே செய்தார்கள்.

இங்கேயும் படம் வந்த இரண்டாம் நாளே 'இருபது நிமிடம் ட்ரிம் செய்துவிட்டோம்' என்று அறிவிப்பு வருகிறது. முதல் நாள் முதல் காட்சியில் உட்கார்ந்து எழுதியவரை, மூன்றாம் நாள் குறைத்த படத்தைப் பார்த்துவிட்டுத் திட்டுவது எந்த ஊர் நியாயம்? அவர் எந்தப் பதிப்பைப் பார்த்தார் என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்று. முழுப் படத்தையும் பார்த்தவர்கள் வைத்த ஒரு குற்றச்சாட்டு இன்றும் நிற்கிறது: அந்தப் படம் பெண்களை நடத்தும் விதம். குறிப்பாக, காரில் நடக்கும் பலாத்காரக் காட்சி. அதற்குக் கத்தரிக்கோலைக் குறை சொல்ல முடியாது, அது லியோனே வேண்டுமென்றே வைத்தது. அசந்துபோன நீங்கள் அந்த இடத்தை எப்படிக் கடந்தீர்கள் என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.